எட்டாவது காம்பரா

படம் கழுவக் கொடுக்க வருகிறவர்கள் கடைக்குள் நுழையும்போதே பாதிச் சிரிப்போடு நுழைவார்கள். ஏரியில் படகு விட்டது, குதிரைமேல் ஏறிப் பயந்தது, புதுப் பெண்டாட்டியின் தோளில் கை போட்டது என்று சுருளுக்குள் இருப்பது இன்னதென்று அவர்களுக்கு முன்பே தெரியும். ஞானவேல் அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்கு இறங்கும் சரிவில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. சீசனில் வெளியூர்க்காரர்கள் சோறு போட்டார்கள். மற்ற மாதங்களில் பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவும் பாஸ்போர்ட் சைஸும் கஞ்சி ஊற்றின.

சண்முகவள்ளி சீசனில் வரவில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில், மூடுபனி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஒரு காலையில் வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆம்பளை ஸ்வெட்டர், முழங்கை கிழிந்தது. தலையில் யூரியா சாக்கை முக்காடாகப் போட்டிருந்தாள். அதைக் கழற்றி வாசலில் உதறிவிட்டு, மடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஐயா, இத கழுவித் தர முடியுமாங்க?"

டப்பாவைத் திறந்தால் தேயிலைத் தூள். அதற்குள் விரலை விட்டுத் துழாவி, துணி சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். துணிக்குள் ஒரு பிலிம் சுருள். பெட்டிக் கேமராவில் போடுகிற, பின்னால் காகிதம் ஒட்டிய பெரிய சுருள். எட்டுப் படம் பிடிக்கும். ஒட்டியிருந்த காகிதப் பட்டி காய்ந்து உரிந்திருந்தது. சுருள் சற்றுத் தளர்ந்திருந்தது.

"எப்ப எடுத்ததும்மா?"

"சிலோன விட்டு வரும்போதுங்க. எழுபத்து நாலு."

ஞானவேல் சுருளை மேஜைமேல் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஒம்பது வருசமா கழுவாமயா வச்சிருந்தீங்க?"

"மககிட்டருந்து கடுதாசி வந்துட்டே இருந்துச்சுங்க. முகம் எங்க போயிறப் போகுதுன்னு இருந்துட்டேன்."

பிறகு அவள் சொன்னது இதுதான். அட்டன் பக்கம் ஒரு தோட்டம். லயத்தில் வரிசையாக எட்டு அறை. அறையைக் காம்பரா என்பார்கள். காம்பராவுக்கு ஒரு குடும்பம். எந்தக் குடும்பம் இந்தியா போகும், எந்தக் குடும்பம் இலங்கையிலேயே இருக்கும் என்று இரண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டு முடித்தபோது, சண்முகவள்ளிக்கும் புருஷன் மாடசாமிக்கும் இந்தியா என்று வந்தது. மகள் மாரியாயியின் புருஷனுக்கு இலங்கை என்று வந்தது. மகள் புருஷனோடு நின்றுவிட்டாள். கப்பலுக்குப் புறப்படுவதற்கு முன்னால் தோட்டத்துக் கிளாக்கரின் மகன் பெட்டிக் கேமரா கொண்டு வந்து, காம்பராவுக்கு ஒரு படம் என்று எட்டுக் குடும்பத்தையும் எடுத்தான். சுருளைச் சண்முகவள்ளியின் கையில் கொடுத்து, இந்தியாவில் கழுவி எல்லாருக்கும் ஒன்று அனுப்பச் சொன்னான். மண்டபம் முகாம், அங்கிருந்து இந்த மலை, வடகவுஞ்சியில் பீன்ஸ் காட்டு வேலை, மரம் வெட்டப்போன இடத்தில் மாடசாமி சாவு என்று வருஷங்கள் போயின. சுருள் தேயிலைத் தூளுக்குள் கிடந்தது.

"ஆடி மாசம் அங்க கலவரம். அதுக்கப்புறம் கடுதாசி இல்லீங்க. போட்டுல ராமேஸ்வரம் வந்து எறங்குறாங்களாம், மண்டபத்துல வச்சிருக்காங்களாம். எங்க கொழுந்தன் கணபதி நாளைக்குப் பொறப்படுறான். பேரச் சொல்லிக் கேட்டா அங்க மாரியாயி ஏகப்பட்டது. படத்தக் காட்டித்தான் கேக்கணும். எனக்கே..." அவள் நிறுத்தினாள். "எனக்கே கண்ண மூடுனா அவ முகம் வர மாட்டேங்குது. அவ சின்னப்புள்ளையில இருந்த முகந்தான் வருது."

ஞானவேலுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "டப்பாலயேதான் இருந்துச்சா? ஈரம் பட்டுச்சா?" என்று கேட்டார்.

"ஒரு பொட்டு ஈரம் பட விடலீங்க."

"சரி. அங்க உக்காருங்க."

அவர் காட்டிய பெஞ்சுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கியது. அதில் ஏரியும் படகும் வரைந்திருந்தது. வெளியே நிஜமான ஏரி இருக்க, மழைக்கு ஒதுங்கியவர்கள் இந்த ஏரியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். சண்முகவள்ளி திரையில் முதுகு படாமல் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

பின்பக்கத்து டார்க் ரூம் முன்பு உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிய அறை. இன்னும் மண் வாடை போகவில்லை. சேனாதிபதி அங்கே பிரிண்டுகளை ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே தெரு, ஒரே வயசு. கடை ஞானவேலுடையது, பிரிண்ட் போடும் வேலை சேனாதிபதியுடையது. முதலாளி என்று அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"ஒம்பது வருசமா? ஏலே, அது பிலிம் இல்லலே, ஊறுகா" என்றார் சேனாதிபதி.

"கழுவித்தான் ஆகணும். எந்த மருந்துல கழுவுறது, அதச் சொல்லு."

கேள்வி லேசானது இல்லை. பிலிமை ஒரே ஒரு தடவைதான் கழுவ முடியும். துணி மாதிரி அழுக்குப் போகவில்லை என்று மறுபடி முக்க முடியாது. கழுவிய பிலிமில் எல்லாம் தலைகீழாகத் தெரியும்: வெள்ளைச் சேலை கறுப்பாக இருக்கும், கறுத்த முகம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். பழைய பிலிமில் இன்னொரு தொல்லை. படம் விழாத இடமும் தானாகவே கறுத்துவிடும். மூட்டம் என்பார்கள். ஒன்பது வருஷத்து மூட்டத்துக்குள் எட்டுக் குடும்பமும் நின்றுகொண்டிருந்தன.

"எப்பவும் போடுற மருந்தப் போட்டா மூட்டமும் சேந்து வந்துரும்" என்றார் ஞானவேல். "புரோமைடு கலந்தா மூட்டத்த அடக்கும்."

"மூட்டத்த மட்டுமா அடக்கும்? நெழல்ல நிக்கிற ஆளையும் சேத்து அடக்கிரும். அவங்க என்ன வெள்ளக்காரங்களா, வெயில்ல பளபளன்னு நிக்கிறதுக்கு?"

"மூட்டத்த விட்டா ஆளே தெரியாதுலே."

"உனக்குக் கொழம்புல உப்புப் போடச் சொன்னாலும் புரோமைடுதான் ஞாபகம் வரும்."

அதில் உண்மை இருந்தது. ஏரிக்கரையில் எடுத்த படங்களில் எப்போதும் வெளிச்சம் மிதமிஞ்சி இருக்கும். தண்ணீரும் வெள்ளை வானமும் சேர்ந்து பிலிமைக் கறுக்க அடித்துவிடும். அந்த ஊரில் படம் கழுவுகிறவனின் சோலியே மிஞ்சியதை அடக்குவதுதான். ஞானவேல் அதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தார். கறுத்த நெகட்டிவைப் பார்த்தால், வடித்த சோறு குழைந்துவிட்டதைப் பார்த்த மாதிரி அவருக்கு முகம் சுளிக்கும்.

கடைசியில் ஒரு துண்டை மட்டும் வெட்டி முதலில் கழுவிப் பார்ப்பது என்று முடிவானது. அதைக் கேட்க ஞானவேல் வெளியே வந்தார்.

"ஒரு துண்டு வெட்டணும்மா. எப்பவும் போடுற மருந்துல அத மட்டும் மொதல்ல கழுவிப் பாப்பேன். அது எப்படி வருதோ அத வச்சு மத்ததுக்கு மருந்து கூட்டிக் கொறைக்கணும். அந்தத் துண்டு போனாலும் போயிரும்."

"எந்தத் துண்டுங்க?"

"சுருள்ல வெளியில இருக்கறது கடைசியா எடுத்த படம். அதான் மொதல்ல கைக்கு வரும்."

"கடைசின்னா எட்டாவது காம்பரா." சண்முகவள்ளி ஸ்வெட்டரின் கிழிந்த முழங்கையைக் கையால் மூடிக்கொண்டாள். "தங்கமுத்து. புருசன் செத்துப்போயி ஒத்தப் பிள்ளையோட இருந்தா. எம்மகளுக்குப் பிரசவம் பாத்தவ அவதாங்க."

"இந்தியா வந்துட்டாங்களா?"

"இல்லீங்க. அவளும் அங்கதான்."

ஞானவேல் கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தார். கேட்டாகிவிட்டது.

"அந்தப் பக்கத்து முனை யாருது?"

"மொத காம்பரா. கங்காணி குடும்பம். அவங்க இப்பக் கூடலூர்ல கடை வச்சு நல்லா இருக்காங்க. அத வெட்டுனா ஒண்ணும் இல்லீங்களே?"

"அந்த முனைக்குப் போகணும்னா இருட்டுல முழுசும் பிரிக்கணும். நாள்பட்ட பிலிம், வெறச்சிருக்கும். கை படப் படக் கீறும். எல்லாத்தையும் தாண்டித்தான் அங்க போக முடியும்."

"எங்களது அஞ்சாவது."

"அதையும் தாண்டித்தான்."

அவள் டப்பாவுக்குள் இருந்த தேயிலைத் தூளைப் பார்த்தாள். கடைக்கு வெளியே குதிரைக்காரன் ஒருவன் ஈரச் சாணத்தை மிதித்துவிட்டு யாரையோ வைதுகொண்டு போனான். அவன் குரல் ஓய்ந்த பிறகு சண்முகவள்ளி சொன்னாள்:

"எட்டாவதையே வெட்டுங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் திரும்பக் கேட்க வேண்டிய அளவுக்கு மெதுவாகவும் சொல்லவில்லை.

இருட்டில் ஞானவேலுக்குக் கைதான் கண். காகிதத்தைப் பிரித்தார். பிலிமின் நுனி விறைப்பாக விரலில் இடித்தது. உள்ளங்கை அகலத்துக்கு அளந்து கத்தரியை வைத்தார். வெட்டிய துண்டை வழக்கமான மருந்தில் போட்டு, மிச்சத்தைச் சுருட்டி வெளிச்சம் புகாத ஒரு டப்பாவில் அடைத்தார். நேரம் ஆனதும் துண்டை எடுத்து அலசி, விளக்கைப் போட்டு உயர்த்திப் பிடித்தார்.

கறுப்பு. பல்பின் கம்பி மட்டும் ஒரு மங்கல் கோடாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் நடுவில் ஏதோ ஓர் உருவம் மாதிரி இருந்தது. இல்லை என்றாலும் இல்லை.

"பாத்தியா?" என்றார் ஞானவேல். "உள்ள இருக்கற ஏழும் இதே கதிதான். புரோமைடு போடாமத் தீராது. கொஞ்ச நஞ்சம் இல்ல, நல்லாவே போடணும்."

சேனாதிபதி துண்டை வாங்கி ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். "கறுப்பாத்தான் கெடக்கு. ஆனா உள்ள என்னமோ இருக்குலே. காயட்டும். ஒரு பிரிண்ட் போட்டுப் பாத்துட்டு அப்பறம் மத்ததத் தொடு."

"இந்தப் பனி மூட்டத்துல இது காய நாளைக்காகும். அந்தம்மாவோட கொழுந்தன் நாளைக்குப் பஸ் ஏறுறான்."

"பஸ்ஸு இன்னொரு நாளும் ஓடும்."

"அகதிங்க வர்ற போட்டு இன்னொரு நாளும் வருமா?"

 சேனாதிபதி துண்டைக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். ஞானவேல் புரோமைடு டப்பாவைத் திறந்து, தராசில் நிறுத்து, மருந்தில் கலக்கினார். வழக்கமாகப் போடுவதுபோல் இரண்டு பங்கு. மருந்து சூடேறினால் மூட்டமும் ஏறும் என்பதால் குழாய்த் தண்ணீரிலேயே பிலிம் கழுவும் டாங்கை வைத்துக் குளிர்வித்தார். ஐப்பசித் தண்ணீர் விரலைக் கடித்தது. எல்லாம் முறைப்படிதான் செய்தார். முறையில் ஒரு குறையும் இல்லை.

ஏழு படமும் சாயங்காலத்துக்கு முன்பே கொடியில் தொங்கின. ஈரப் பிலிமைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. கறுப்பு இல்லை, மூட்டம் இல்லை, தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. லயத்தின் சுண்ணாம்புச் சுவர் நன்றாக விழுந்திருந்தது. "வந்துருச்சும்மா. காஞ்சதும் காலையில பிரிண்ட் போட்டுருவேன். வெள்ளனே வாங்க" என்றார். சண்முகவள்ளி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பெருமாள்மலையில் இருக்கும் கொழுந்தன் வீட்டுக்குக் கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் போனாள்.

கரியடுப்பை மூட்டி அறையை வெதுவெதுப்பாக வைத்ததில் விடிவதற்குள் பிலிம் காய்ந்துவிட்டது. ஞானவேல் கடைக்கு வந்ததும் முதல் வேலையாக ஐந்தாவது படத்தை எடுத்து விளக்கின் கீழ் வைத்தார். தாளில் வெளிச்சம் காட்டி மருந்துத் தட்டில் போட்டார்.

முதலில் மேலே கூரை கறுத்து வந்தது, அதன் கீழ் சுவர் தெரிந்தது. பிறகு ஒரு வேட்டி. பிறகு ஒரு வெள்ளைச் சேலை, இடுப்பில் இருந்த குழந்தையின் வெள்ளைச் சட்டை. கூரை நிழலில் நின்றிருக்கிறார்கள். ஞானவேல் தட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டு முகங்களுக்காகக் காத்திருந்தார். சேலைக்கு மேலே, வேட்டிக்கு மேலே, சட்டைக்கு மேலே, கறுத்த வட்டங்கள் நின்றன. கண் இல்லை, மூக்கு இல்லை. தாள் முழுக்க வந்து முடிந்துவிட்டது. அந்த வட்டங்களில் வருவதற்கு ஒன்றும் இல்லை.

வெளிச்சத்தைக் குறைத்து இன்னொன்று போட்டார். முகம் இருக்க வேண்டிய இடம் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறியது, அவ்வளவுதான். நெகட்டிவை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். முகங்கள் இருந்த இடத்தில் பிலிம் வெறும் கண்ணாடியாக இருந்தது. மற்றதையும் பார்த்தார். முதல் படத்தில் கங்காணி குடும்பம் முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கங்காணியின் மீசை நுனிவரை தெரிந்தது. மற்ற ஆறிலும் நிழலில் நின்ற எவருக்கும் முகம் இல்லை.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

சண்முகவள்ளியோடு கணபதி வந்திருந்தான். பெருமாள்மலையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். தோளில் ஒரு பையும் பிளாஸ்டிக் தாளும் தயாராக இருந்தன. "வெரசாக் குடுங்க சார், பஸ்ஸுக்காரன் நம்ம மாமன் மச்சானா, நின்னு ஏத்திக்கிட்டுப் போறதுக்கு" என்றான். ஞானவேலின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை விட்டான்.

ஞானவேல் ஐந்தாவது படத்தை மேஜைமேல் வைத்தார். இதை எப்படிச் சொல்வது என்று அவர் யோசிக்கவில்லை. படத்தைவிடத் தெளிவாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

சண்முகவள்ளி வெகுநேரம் குனிந்து பார்த்தாள். குழந்தையைத் தூக்கியிருந்த உருவத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இடுப்ப ஒடிச்சு நிப்பா. கொழுந்துக்கூடை தூக்கித் தூக்கி அந்தப் பழக்கம். பிள்ளைக்கு வெயிலு ஆகாதுன்னு எறவாரத்துக்கு உள்ள வந்து நின்னா." விரல் கறுத்த வட்டத்தைத் தொடாமல் நின்றது. "அவதாங்க. ஆனா எனக்கு மட்டுந்தான் தெரியுது."

"இத எப்படி மதினி காட்டிக் கேக்குறது?" என்றான் கணபதி. கேட்டதும் அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று தரையைப் பார்த்தான்.

"எவ்வளவு பத்திரமா வச்சிருந்தேன்" என்றாள் அவள், யாரிடம் என்று இல்லாமல். "இந்த மலையில எல்லாம் பூசணம் பூத்துப் போகுது. கம்பளி பூக்குது, செருப்புப் பூக்குது. தை மாசத்து வெயிலு வந்தா பெட்டியில உள்ளதெல்லாம் எடுத்துப் பாறையில காயப்போடுவேன். வருசா வருசம் இதையும் துணியப் பிரிச்சு வெயில் காட்டித்தான் எடுத்து வச்சேன்."

ஞானவேல் அசையாமல் நின்றார்.

வெயில். தளர்ந்த சுருள். பாறைமேல் வைத்த சுருளில் வெயில் வெளிச் சுற்றைத்தான் தின்னும். ஒன்பது தையிலும் அது எட்டாவது காம்பராவைத் தின்றிருக்கிறது. உள்ளே போகப் போக அது எட்டவில்லை. அவர் வெளியிலிருந்த துண்டை வெட்டிப் பார்த்து, உள்ளே இருந்ததும் அப்படித்தான் என்று முடிவு கட்டினார். உள்ளே அவ்வளவு மூட்டம் இல்லை. இல்லாத மூட்டத்தை அடக்கப் போட்ட மருந்து, இருந்த முகங்களை அடக்கிவிட்டது. உள் முனையிலிருந்து கங்காணியை வெட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

டார்க் ரூம் கதவு திறந்தது. பின்வாசல் வழியாக எப்போது உள்ளே போனார் என்று தெரியவில்லை, சேனாதிபதி ஈரத் தாள் ஒன்றை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு வந்தார். தாளின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அந்தக் கறுத்த துண்டு சும்மா தொங்குச்சு. எடுத்துப் போட்டுப் பாத்தேன்" என்றார். "வெளக்க அப்படியே எரிய விட்டுட்டு ஒரு பீடி முழுசும் குடிச்சுட்டு வந்தேன். அவ்வளவு நேரம் புடிக்குது. கறுப்புத்தான், ஆனா வெளிச்சம் கடந்து போகுதுலே."

அவர் அதை மேஜைமேல், முகமில்லாத படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

சாம்பல் பூத்த படம். புகைக்குள் எடுத்த மாதிரி. ஓரங்களில் வெயில் தின்ற இடம் நீளத் திட்டாக இருந்தது. ஆனால் நடுவில் ஒருத்தி நின்றாள். ஒல்லி. இடுப்பில் பிள்ளை. எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலை. படம் எடுக்கிறவனைப் பார்த்து ஏதோ சொல்ல வாய் திறந்த முகம், மேல் வரிசையில் ஒரு பல் தூக்கியிருந்ததுகூடத் தெரிந்தது. பிள்ளை அவள் காது வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"தங்கமுத்து" என்றாள் சண்முகவள்ளி.

அவள் உடனே படத்தின் ஓரங்களைத் தேடினாள். ஞானவேலுக்குப் புரிந்தது. பின்னால், வாசலில், சுவர் ஓரத்தில் வேறு யாராவது நின்று வேடிக்கை பார்த்திருக்கக்கூடும். யாரும் இல்லை. "அவ அதுக்குள்ள அடுப்பப் பாக்க உள்ள போயிட்டா" என்றாள் அவள். தேடுவதை நிறுத்தினாள்.

கறுத்திருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிக் கடந்து போகலாம். இல்லாமல் போனதை எந்த விளக்கும் கொண்டு வராது. பிலிம் கழுவுகிற எவனுக்கும் தெரிய வேண்டிய விஷயம். ஞானவேலுக்கும் தெரிந்ததுதான். கறுப்பைக் கண்டதும் அடக்கு என்று கை பழகியிருந்தது. கை சொன்னதைக் கேட்டார்.

கணபதி பையைத் தோள் மாற்றினான். "இந்தப் படம் எதுக்கு மதினி நமக்கு?"

"இவளக் காட்டிக் கேளு. இந்தம்மா வந்திருக்காளான்னு. இவளக் கண்டுபுடிச்சா மாரி எங்கன்னு இவ சொல்லுவா. ரெண்டு பேரும் ஒரே லயத்துலதான் இருந்தாளுக. ஓடியிருந்தாலும் சேந்துதான் ஓடியிருப்பாளுக." அவள் குரல் மாறவில்லை. "மாரி இல்லேன்னாலும் அதச் சொல்றதுக்கும் இவதான் வேணும்."

சேனாதிபதி தாளைக் கரியடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்தார். இன்னொரு பிரதியும் போட்டார். அதற்கும் ஒரு பீடி ஆனது. பஸ் போய்விட்டது.  பகல் பஸ்ஸில் வத்தலக்குண்டு போய் மாறிக்கொள்ளலாம் என்றான் கணபதி.

சண்முகவள்ளி ஒரு படத்தைக் கணபதியிடம் கொடுத்தாள். இன்னொன்றையும் ஐந்தாவது காம்பராவின் படத்தையும் துணியில் சுற்றினாள். சுற்றும்போது கேட்டாள்:

"மண்டபத்துல இப்ப மழையாத்தான் இருக்கும். நனஞ்சா வெயில்ல காயப்போடலாமாங்க?"

"படத்தப் போடலாம்" என்றார் ஞானவேல். "ஒண்ணும் ஆகாது."

அவள் கை நின்றது. "அப்ப அந்தச் சுருளுக்கு?"

வேறு பதில் சொல்ல முடியும். சொன்னால் அவள் நம்புவாள். "அதுக்கு ஆகாது" என்றார்.



"எம்மக முகம் போனது அதனாலதானா?"

"இல்ல. வெயிலு எட்டாவதத்தான் தின்னுச்சு. உங்க மக படம் உள்ள நல்லாத்தான் இருந்துச்சு. நான் மருந்தக் கூட்டிப் போட்டுக் கெடுத்தேன். இவன் வேண்டாம்னான். நான் கேக்கல."

கணபதி நிமிர்ந்தான். மூட்டை தூக்கும் கை இரண்டும் ஒரு கணம் எங்கே போவது என்று தெரியாமல் தொங்கின. சண்முகவள்ளி அவன் பக்கம் திரும்பவில்லை.

"எட்டாவத வெட்டச் சொன்னது நான்" என்றாள். "அந்த முனையில கங்காணிய வெட்டியிருக்கலாம். எம்மக படத்துல கீறல் விழுந்துரும்னு பயந்தேன். பிரசவம் பாத்தவ போனாப் போகட்டும்னுதான் சொன்னேன்." டப்பாவில் மிச்சமிருந்த தேயிலைத் தூளை வெளியே கொட்டப் போனவள், மனசு மாறி அதன்மேலேயே துணிப் பொட்டலத்தை வைத்து மூடினாள். "அவளக் கண்டுபுடிச்சா அவகிட்ட இதையும் சொல்லணும்."

சாக்கை முக்காடு போட்டுக்கொண்டு அவள் இறங்கினாள். கணபதி பின்னால் போனான். சரிவில் பத்தடி போவதற்குள் மூடுபனி இருவரையும் மூடிக்கொண்டது.

ஞானவேல் உள்ளே வந்தார். கொடியில் ஏழு படமும் ஒரே நீளப் பிலிமாகத் தொங்கின. அதை எடுத்துச் சுருட்டினார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் வாங்காமல் போன நெகட்டிவ்களுக்கு ஒரு பெட்டி இருந்தது, அதில் வைக்கக் கை போகவில்லை.

"யாராவது வந்து கேப்பாங்கலே" என்றார் சேனாதிபதி, இன்னொரு பீடியைப் பற்றவைத்தபடி. "இன்னும் ஆறு காம்பரா இருக்குல்ல."

"கேட்டா எதக் குடுப்ப?"

"இருக்கறதக் குடுப்பேன். அந்தம்மா இடுப்பப் பாத்தே மகளத் தெரிஞ்சுக்கிச்சு."

ஞானவேல் காகித உறை ஒன்றை எடுத்தார். பெயர் எழுதுகிற இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவோடு நின்றார். பிறகு, அட்டன் லயம், ஏழு காம்பரா என்று எழுதினார். புரோமைடு டப்பா மேஜைமேல் மூடாமல் கிடந்தது. மூடி எடுத்து மேல் பலகையில் வைத்தார். சீசன் வந்தால் ஏரிப் படம் வரும். அதற்கு அது வேண்டும்.